கல்லூரி வண்டி ஸ்டாண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி ரோட்டில், ஒத்தக்கால்மண்டபத்துக்கும் கிணத்துக்கடவுக்கும் இடையே இருக்கிறது எங்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் மூன்றாம் ஆண்டு. வண்டி ஸ்டாண்டு விஷயமாக நிர்வாகத்திடம் பேச வகுப்புக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள்; எங்கள் வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை, கடைசியில் என் பெயர் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து கேன்டீனில் ஒரு டீயைச் சூடாகக் குடித்து முடித்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை எழுதியே வைத்துவிடுகிறேன். மாணவர்கள் நினைப்பதும் இதில் இருக்கிறது, நான் நினைப்பதும் இருக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது.

இவ்வளவு பெரிய ஸ்டாண்டு இருந்தும் ஏன் இடம் கிடைப்பதில்லை?

8.40 மணிக்கு வந்து பாருங்கள், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 8.55க்கு வந்தால்தான் இடமில்லை. முதல் வகுப்பு 9 மணிக்கு என்பதால் கல்லூரியில் பாதிப் பேர் அதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் உள்ளே நுழைகிறார்கள். நுழைந்தவுடன் எல்லோருடைய கண்ணும் போவது தகரக் கூரை போட்ட முதல் இரண்டு வரிசைகளுக்கு. அவை நிரம்பியதும் 'ஸ்டாண்டு ஃபுல்' என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆனால் போர்வெல் மோட்டார் ரூமுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், நாள் முழுக்க இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கிருந்து மெயின் பிளாக்குக்கு நான்கு நிமிட நடை. அந்த நான்கு நிமிடம் நடக்க மனமில்லாமல் மூன்று நிமிடம் வட்டமடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். நானும் அடித்திருக்கிறேன்.

வட்டமடித்து அலுத்தவர்கள் அடுத்துச் செய்வதுதான் பெரிய தொல்லை. இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள வழியில் குறுக்கே நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். மாலை 4.10க்கு அதன் பலன் தெரியும். லாக் போட்ட ஸ்கூட்டரின் பின்கம்பியை ஒருவர் பிடிக்க, முன்சக்கரத்தை இன்னொருவர் தூக்க, நண்டு நகர்வதுபோலப் பக்கவாட்டில் இழுப்பார்கள். செம்மண்ணில் டயர் இழுபட்ட அரைவட்டக் கோடுகள் மறுநாள் காலை வரை இருக்கும். அந்தக் கோடுகளை வைத்தே நேற்று எங்கே சண்டை நடந்தது என்று சொல்லிவிடலாம்.

லாக் போடாமல் நிறுத்தினால் வண்டி திருடுபோகும் என்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்காக நடுவழியில் நிறுத்திப் பூட்டுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

ஏன் எல்லோரும் வண்டியிலேயே வருகிறார்கள்? பஸ்ஸில் வந்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் காரில் வருகிறவர்கள்.

ஒரு முறை ஸ்டாண்டில் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 37, அதாவது கோவை தெற்கு. 41, பொள்ளாச்சி. அவற்றுக்கு நடுவே 78 என்று தாராபுரம் பக்கத்து வண்டிகள், மேட்டுப்பாளையத்து 40 ஒன்று, பாலக்காட்டின் கேஎல் 09 சில. இத்தனை திசையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே பதில் எப்படி இருக்கும்?

மெயின் ரோட்டின் மேலேயே வீடு இருந்தால் பஸ்தான் சுகம். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஆனால் இடைநில்லாப் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்காது. நிற்கிற பஸ்ஸில் காலையில் காலை ஊன்ற இடமிருக்காது. பெண்களுக்குத்தான் 2021 மே மாதத்திலிருந்து பஸ் இலவசமாயிற்றே என்று எங்களிடம் சொல்கிறார்கள். அந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு. உக்கடம்–பொள்ளாச்சி புறநகர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் முதல் வகுப்பு போய்விடும்.

என் வீடு நெகமம் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் என்றால் பொள்ளாச்சி போய், இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். ஸ்கூட்டரில் வந்தால் குறுக்கு வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, பாதி நேரத்தில் வந்துவிடுவேன். எங்கள் வகுப்பில் ஒரு பையன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறான். அதிகாலையில் அந்த வண்டி பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப வேண்டும், அதன் பிறகுதான் அவனுக்கு வண்டி. கேன் மாட்டும் கொக்கி அப்படியே தொங்கும். அவன் 8.40க்கு எப்படி வருவான்?

காலேஜ் பஸ் இருக்கிறது என்பார்கள். அது 4.15க்குக் கிளம்பிவிடும். லேப் நீண்டால், நூலகத்தில் உட்கார்ந்தால், பிளேஸ்மென்ட் பயிற்சி இருந்தால் 6 மணி ஆகிறது. ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாரத்தில் மூன்று நாள் அந்தப் பஸ்ஸைத் தவறவிடுவதைவிடப் பெட்ரோல் போடுவது மேல் என்று வீட்டில் கணக்குப் பார்க்கிறார்கள். 6 மணிக்கு ஒரு பஸ் விட்டால் ஸ்டாண்டில் எத்தனை வண்டி குறையும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கூரை போடுவதைவிட அது செலவு குறைந்த வழி என்பது என் எண்ணம்.

ஆசிரியர்களின் கார்களுக்கு மட்டும் ஏன் நிழல்?

மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் இதைக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

மெயின் பிளாக்கின் வடக்கே வேப்பமரமும் புங்கமரமுமாக ஒரு சோலை. அங்கே கார்கள். எங்கள் வண்டிகளுக்குத் தகரம், மீதிப் பேருக்கு வானம். சித்திரையில் மதியம் ஒரு மணிக்கு வந்து கறுப்பு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும், 12.5 சதுர மீட்டர். ஒரு பைக்கைத் தாராளமாக நிறுத்த 2 சதுர மீட்டர் போதும். அதாவது ஒரு கார் நிற்கும் நிழலில் ஆறு பைக் நிற்கும். கார் திரும்ப வேண்டிய வழியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பல ஆசிரியர்கள் கோவையிலிருந்து நாற்பது நிமிடம் ஓட்டி வருகிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் வருகிறவர்களும் உண்டு. அவர்களை மரத்தடியிலிருந்து எழுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. சனிக்கிழமை பாதி நிழல் காலியாகக் கிடக்கும்போதுகூட ஒரு பைக்கை அங்கே விடுவதில்லை, சங்கிலி போட்டு வைக்கிறார்கள். உறுத்துவது அந்தச் சங்கிலிதான்.

ஆடிக் காற்றில் வண்டிகள் வரிசையாகச் சாய்கின்றன. யார் பொறுப்பு?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் எங்கள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்று. கிணத்துக்கடவு அதன் நேர்ப்பாதையில் இருக்கிறது.

போன ஆடியில் ஒரு மதியம் இரண்டாவது வரிசையில் ஓரத்தில் நின்ற பைக் சாய்ந்தது. அது பக்கத்து வண்டியின் மேல், அது அடுத்ததன் மேல். வகுப்பில் இருந்த எங்களுக்குத் தகர டப்பாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலக் கேட்டது. போய்ப் பார்த்தால் வரிசையின் பாதி படுத்திருக்கிறது. நடுவில் மாட்டிய ஸ்கூட்டரின் கண்ணாடி ஒடிந்து, ஒயரில் தொங்கும் இண்டிகேட்டர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே, "யார் வண்டி முதலில் விழுந்தது என்று கேட்காதீர்கள் கண்ணு, எனக்குத் தெரியாது" என்றார். தெரிந்துதான் இருக்கும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எங்களுக்குள் எழுதாத வழக்கம்: காற்றில் விழுந்தால் அவரவர் செலவு அவரவருக்கு. கிளட்ச் லீவர், கண்ணாடி போன்ற சில நூறு ரூபாய்ச் செலவுக்கு இன்சூரன்ஸில் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அது 50 சதவீதம் வரை ஏறும். ஒரு லீவருக்காக அதை இழப்பது நஷ்டம்.

விழாமல் நிறுத்த ஒரு வழி இருக்கிறது, எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவர் சொல்லித் தந்தார். சைடு ஸ்டாண்டு வண்டியின் இடது பக்கம் இருக்கிறது, வண்டியும் இடப்புறம்தான் சாய்ந்து நிற்கும். காற்று வருவது மேற்கிலிருந்து. வண்டி வடக்கே பார்த்து நின்றால் காற்று இடப்புறம் மோதி, ஸ்டாண்டிலிருந்து எழுப்பி வலப்புறம் தள்ளிவிடும். தெற்கே பார்த்து நிறுத்தினால் அதே காற்று வண்டியை அதன் ஸ்டாண்டின் மேலேயே அழுத்திப் பிடிக்கும். முதல் கியரில் போட்டுவிடுங்கள், உருளாது. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையே போடுங்கள். எங்கள் இரண்டாவது வரிசை முழுக்க வடக்கே பார்த்துக் கோடு போடப்பட்டிருக்கிறது. கோடு போட்டவர் ஆடி மாதம் வரவில்லை போலும்.

மழைக்காலத்தில்?

ஐப்பசியில் செம்மண் சேறாகிவிடும், சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி படுத்துவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு ஓட்டுத் துண்டை டிக்கியில் வைத்திருங்கள். முதல் ஆண்டினர் சிரிப்பார்கள். நவம்பரில் கடன் கேட்பார்கள்.

எனக்கு இன்னும் 18 ஆகவில்லை. எக்ஸ்எல் தானே, ஓட்டலாமா?

கூடாது. 16 வயதில் ஓட்டலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸோடு. எக்ஸ்எல் 100 என்பது 99.7 சிசி. 'மொபெட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்பது நம் ஊர்த் தோட்டங்களில் மட்டும் செல்லுபடியாகும் சட்டம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது. வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அப்பாவின் வண்டியை எடுக்கும் முன் இதை ஒரு முறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

18 ஆனதும் எல்எல்ஆர் எடுத்துவிடுங்கள். 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். எல்எல்ஆரை வைத்துக்கொண்டு தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரக்கூடாது; பின்னால் உட்காரலாம் என்றால் லைசென்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கிறவர் மட்டும்தான்.

ஹெல்மெட்டை எங்கே வைப்பது?

கல்லூரி கேட்டில் ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டார்கள். உள்ளே வந்ததும் அதை வைக்க இடமும் தரமாட்டார்கள். கண்ணாடியில் மாட்டினால் மாலையில் இருக்கும் என்ற உறுதி இல்லை. மழை பெய்தால் உள்ளே தண்ணீர். அதனால் வகுப்பில் காலடியில் ஐம்பது ஹெல்மெட்டுகள் உருண்டுகொண்டிருக்கும், ஆசிரியர் தடுக்கி விழாத குறை. சுவரோரம் ஒரு இரும்பு ரேக் கேட்டோம். கிடைக்கவில்லை. ஹெல்மெட் இல்லாததற்கு ரோட்டில் 1,000 ரூபாய் அபராதம், பின்னால் உட்காருபவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

'வண்டிகளுக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று போர்டு இருக்கிறதே, திருடுபோனால் ஒன்றும் கேட்க முடியாதா?

போர்டு எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. ஒரு பொருளைப் பாதுகாக்கச் சொல்லி ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிக்கும் அளவுக்கு அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில், நிறுத்தச் சொல்லிச் சாவியோடு ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், தன் பக்கம் கவனக்குறைவு இருக்கும்போது 'உரிமையாளர் பொறுப்பு' என்ற வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் அங்கே சாவி கைமாறியது. நம் ஸ்டாண்டில் சாவி நம் பையில்தான் இருக்கிறது, டோக்கனும் இல்லை, ரசீதும் இல்லை. காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, வெளியேறும்போது டோக்கனைத் திரும்ப வாங்கும் ஸ்டாண்டு என்றால் நம் பேச்சுக்கு வலு கூடும். இதனால்தான் 'வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டுகிறோம், டோக்கன் போடுங்கள்' என்று மாணவர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். இன்னொரு சாரார், ஃபீஸ் கட்டியது போதாதா என்கிறார்கள். நான் முதல் கட்சி.

கையில் இருப்பதை முதலில் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு, திருட்டுக்கு உதவாது. திருட்டுக்குப் பணம் தரும் சொந்தச் சேதப் பாலிசி பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கும். முதல் ஆண்டில் வாங்கிய வண்டி இரண்டாம் ஆண்டில் திருடுபோகும்போதுதான் 'ஐந்து வருடம் என்று சொன்னார்களே' என்று அப்பா கேட்பார். இன்றே பாலிசித் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். இரண்டாவது சாவியையும் பத்திரமாக வையுங்கள், கிளெய்மின்போது இரண்டையும் கேட்பார்கள்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நிறுத்தலாமா?

பேக்கரி முன்னால் நிறுத்துகிறவர்கள் பலர். பேக்கரிக்காரர் நல்ல மனிதர்; ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கினால் காலை முழுக்க நிறுத்த விடுவார், கதவை மறைக்காமல் இருந்தால் போதும். ஆனால் அது நால்வழிச் சாலை, லாரிகள் வரும் வேகம் தெரியும். நோ பார்க்கிங்கில் போலீசார் பிடித்தால் முதல் முறை 500, அடுத்த முறை 1,500 ரூபாய்.

பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார். கார் கொண்டுவரும் சில மாணவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள், கல்லூரிக்குள் மாணவர் காருக்கு அனுமதி இல்லை. நிழல் அருமையாக இருக்கும். ஒன்று மட்டும்: தென்னை மரத்தின் நேர் அடியில் வேண்டாம். பொள்ளாச்சித் தேங்காய் எடையானது, மட்டையும் சொல்லிவிட்டு விழாது.

பெண்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறார்களே?

சில தோழிகள் கேட்கிறார்கள், கேட்டருகே ஒரு வரிசை. நெருக்கடியில் வண்டியை இழுத்துப் போட உதவி கேட்க வேண்டியிருக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்குத் தனி வரிசை வேண்டாம், விளக்கு வேண்டும். 6 மணிக்கு லேப் முடிந்து மோட்டார் ரூம் பக்கம் போனால் கைபேசி வெளிச்சத்தில்தான் சாவித் துளையைத் தேடுகிறேன். அந்த மூலையில் இருக்கும் ஒரே கம்பத்தில் பல்பு எப்போது எரிந்தது என்பது சீனியர்களுக்கும் நினைவில்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு?

இதில் கருத்து வேறுபாடே இல்லை. அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறவர்கள் எங்கள் கல்லூரியில் உண்டு. அந்த வண்டிக்கு இரண்டு பைக்கின் அகலம் வேண்டும், பக்கத்தில் இறங்கவும் இடம் வேண்டும். சாய்தளத்தை ஒட்டி அவர்களுக்கு இடம் குறித்தாயிற்று. குறித்த மறுநாளே அதில் யாரோ ஒருவர் புது புல்லட்டை நிறுத்தியிருந்தார். பசங்கள் தூக்கிப் போர்வெல் பக்கம் வைத்துவிட்டார்கள். புல்லட்டைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது: ஆறு.

மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடலாமா?

இப்போதைக்கு இல்லை. 3 யூனிட் பேட்டரியை நிரப்ப மூன்றரை யூனிட் அளவுக்கு மின்சாரம் ஆகும், பெரிய செலவில்லை. யார் கட்டுவது, மழையில் பிளக் பாயிண்டை யார் பார்ப்பது என்பதில் பேச்சு நிற்கிறது. லேப்பில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இனி வேண்டாம்.

சைக்கிள்?

நான்கு இருக்கின்றன. நான்கும் மரத்தடியில், கார்களுக்கு நடுவே நிற்கின்றன. யாரும் கேட்பதில்லை. இருப்பதிலேயே நல்ல இடம் அவர்களுக்குத்தான்.

நிர்வாகத்திடம் பேசினீர்களே, என்ன நடந்தது?

ஐந்து கேட்டோம். 6 மணிக்கு ஒரு பஸ், டோக்கன், ஹெல்மெட் ரேக், மோட்டார் ரூம் விளக்கு, மாலையில் பின் கேட்டைத் திறப்பது. முதல்வர் பொறுமையாகக் கேட்டார், காபி தந்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பஸ் 'பரிசீலனையில்'. டோக்கன் 'அடுத்த கல்வியாண்டில்'. ரேக்குக்கு நிதி இல்லை. விளக்குக்கு எலக்ட்ரீஷியன் வந்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணி கொண்டுவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

பின் கேட் மட்டும் திறந்துவிட்டார்கள், 4 முதல் 4.30 வரை. கிணத்துக்கடவு பக்கம் போகிறவர்கள் அந்த வழியாகப் போய்விடுவதால் முன் கேட்டில் நெரிசல் பாதியாகிவிட்டது. சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது. அவர் லீவு போட்டால் அன்றைக்குப் பின் கேட் கிடையாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.